லேடாங் பாறையில் ஒரு போகி நாள்

மாரிமுத்து பொன்னுதுரை (1927–1993).

புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மூன்றாவது மகனாகப் பிறந்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். 1948இல் தொலைபேசிக் கம்பி போடும் வேலைக்குச் சேர்ந்து, 1982இல் ஓய்வு பெறும்வரை அதே வேலையில் இருந்தார். 1953 முதல் மலாக்கா, காஜா பெராங்கில் குடியிருந்தார். மனைவி சந்திரமதி. பிள்ளைகள் இருவரும் பெண்கள்.

கம்பத்தில் ஏறுவதற்கு முன் அதைச் சுத்தியலால் மூன்று இடங்களில் தட்டுவது கம்பி வேலையாட்களின் வழக்கம். முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு, இடுப்புயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. கணீரென்று கேட்டால் ஏறலாம். பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது என்று பொருள். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலச் சட்டம் நடப்பிலிருந்த 1950ஆம் ஆண்டு, அறுந்த கம்பியை ஒட்டுவதற்காகப் போலீஸ் காவலுடன் காட்டோரம் சென்றபோது, பூங்காவனம் என்ற உடன்வேலையாள் தட்டிப் பார்க்காமல் ஏறினார். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று எல்லாரும் அவரை விரட்டிக்கொண்டிருந்தார்கள். விரட்டியவர்களில் பொன்னுதுரையும் ஒருவர். கம்பம் மண்மட்டத்தில் முறிந்தது. பூங்காவனம் மறுநாள் இறந்தார். அதன் பிறகு பொன்னுதுரை யாரையும் விரட்டியதுமில்லை. யாருடைய விரட்டலுக்கும் ஏறியதுமில்லை.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. அதுவரை யாரும் கால் வைக்கத் துணியாத காடுகள் திறந்துவிடப்பட்டன. மழை கழுவிய காலைகளில் மலாக்காவிலிருந்து கிழக்கே நீலமாகத் தெரியும் லேடாங் மலையின் மேல் பொன்னுதுரைக்கு ஆசை விழுந்தது. அதன் உச்சிக்குக் கீழே அடுக்கடுக்காகப் பாறை முகங்கள் உண்டு. கயிறு இல்லாமல் அங்கே போக முடியாது. இலாகா கழித்துவிட்ட நூற்றிருபதடி மணிலாக் கயிறு ஒன்றை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மூவர் அவருடன் சேர்ந்தனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சேதுராமன் ஒருவர். வாயை மூடத் தெரியாதவர். நடராஜன் பெண்டஹாரா சாலையில் ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளர். நால்வரிலும் எடை குறைந்தவர். சின்னப்பா காஜா பெராங்கின் மலாக்காச் செட்டிக் குடும்பத்தவர்; பல நூற்றாண்டுகளுக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். துறைமுகத்தில் சரக்கு எழுத்தர். வீட்டில் மலாய்தான் பேசுவார். நண்பர்களிடையே பழகிய தமிழும் மலாயும் கலந்து பேசுவார்.

1961இல் இருமுறை ஏறி இறங்கினார்கள். மூன்றாம் பயணத்துக்கு 1962 ஜனவரி ஆறாம் தேதியைக் குறித்தார்கள். அன்று காலையிலேயே மழை கொட்டியதால் ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

“பதிமூணாந்தேதி போகியாச்சே,” என்றார் சேதுராமன், காப்பிக்கடையில்.

“போகிதானே வாத்தியாரே? வீடு கூட்ட நீங்க எதுக்கு? அன்னிக்கு சாயங்காலமே திரும்பிடுவோம். ஞாயித்துக்கிழம பொங்கல வீட்டுல கொண்டாடுங்க லா,” என்றார் பொன்னுதுரை, மலாய்ப் பேச்சுவழக்கின் ‘லா’வைச் சேர்த்து.

சின்னப்பா காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தங்காக் வரை பஸ், அங்கிருந்து மரலோரி. ஓடையோரக் குடிசையில் இரவு தங்கி, சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கினார்கள். எட்டேமுக்காலுக்குப் பாறையின் காலடியை அடைந்தார்கள். அந்தப் பாறையில் இரு கட்டங்கள். கீழ்க்கட்டம் அறுபதடி, நடுவில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு நெடுக ஒரு பிளவு. அது முடியும் இடத்தில் எட்டடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட ஒரு திட்டு. அதற்கு மேல் நாற்பதடியில் இரண்டாம் கட்டம். திட்டின் விளிம்பில், பாறையோடு ஒட்டிய மாட்டுக் கொம்பு போன்ற ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. பொன்னுதுரை முதல் ஆளாகப் பிளவு வழியே ஏறி, இடுப்பிலிருந்த சுத்தியலால் அதை மூன்று இடங்களில் தட்டினார். கணீரென்றது.

“தேங்கா வாங்க வந்தவரு மாதிரி தட்டுறாரு பாருங்க,” என்றார் கீழே நின்ற சேதுராமன்.

கொம்பைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு மற்றவர்களை மேலே இழுத்தார்.

“அண்ணே, தாலி கெத்தாட் லா, இடுப்பு வலிக்குது!” என்று கீழிருந்து கத்தினார் சின்னப்பா. கயிறு இறுக்குகிறது என்பதுதான் அவர் சொன்னது. மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர்.

“கேட்டுக்கிட்டீங்களா? நாலு ஆம்பளைக்கும் ஒரே தாலி. வீட்டுல சொல்லிடாதீங்க,” என்றார் சேதுராமன்.

உச்சியில் கால்மணி நேரம்கூட இருக்கவில்லை. வடகிழக்கில் வானம் ஈயம்போல் கறுத்து வருவதைப் பார்த்ததுமே பொன்னுதுரை எல்லாரையும் கிளப்பினார். மேல்கட்டத்தின் தலையிலிருந்த மரத்தில் கயிற்றைச் சுற்றி ஒவ்வொருவராகத் திட்டுக்கு இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய பொன்னுதுரை கயிற்றை உருவிக்கொண்ட அதே வேளையில் மழை அடித்தது. அது தூறி வளரும் மழையன்று. குடத்தைக் கவிழ்த்ததுபோல் ஒரே கொட்டு. அதனுடன் மேகம் இறங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாதபடி மூடியது. ஐந்தே நிமிடங்களில் கீழே உள்ள பிளவு வாய்க்கால் ஆயிற்று. மேலிருந்து சரளைக் கற்கள் அதன் வழியாக உருண்டோடும் ஓசை கேட்டது.

நால்வரும் முதுகைப் பாறையில் ஒட்டி, வரிசையாக உட்கார்ந்தார்கள். கயிற்றின் ஒரு நுனி சின்னப்பாவின் இடுப்பிலேயே முடிந்திருந்தது. அப்போது மணி பத்து நாற்பது.

“நிக்கட்டும். நின்ன பெறகு பாப்போம்,” என்றார் பொன்னுதுரை.

பதினொன்று கடந்தது, பதினொன்று இருபதும் ஆயிற்று. மழை குறையவில்லை. சின்னப்பா கைக்கடிகாரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

“போவோம் அண்ணே.”

“இப்ப முடியாது.”

“போய்த்தான் ஆவணும். தங்காக்குல நாலரை பஸ்ஸு. அத விட்டா அடுத்தது ராத்திரி. பன்னெண்டு மணிக்கு இங்கேருந்து எறங்குனாதான் பஸ்ஸப் புடிக்கலாம். ஆறு மணிக்கு நான் வீட்டுல நிக்கணும்.”

“பொங்கல் நாளைக்குத்தானே லா?” என்றார் நடராஜன்.

சின்னப்பாவின் குரல் மழையில் அரைகுறையாகவே கேட்டது. “உங்களுக்குப் பொங்கல். எங்களுக்குப் போகிதான் பெருநாள். இன்னிக்குப் பர்ச்சு. செத்துப்போன பெரியவங்களுக்கு எலை போட்டு சோறு வெக்கிற நாளு. அப்பா போயி வருஷம் முடிஞ்சு மொத பர்ச்சு இது. அவரோட எலைய மகன்தான் போடணும். நான் ஒரே மகன்.”

பொன்னுதுரைக்கு மழையைவிட அது குளிர்ந்தது. ஒன்பது ஆண்டுகளாக அவர் செட்டிகளின் தெருவோரத்தில் குடியிருந்தவர். போகியன்று மாலை அந்த வீடுகளில் வாழையிலைக் கட்டுகள் இறங்குவதையும் கதவுகள் சாத்தப்படுவதையும் எத்தனையோ முறை பார்த்திருந்தார். வெள்ளையடிப்பும் துப்புரவும் போல அதுவும் பொங்கலுக்கு முந்திய ஆயத்தம் என்றே எண்ணியிருந்தார். கேட்கத் தோன்றவில்லை.

“காப்பிக்கடையில அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சின்னப்பா.”

“நீங்க வீடு கூட்டறதுன்னு சொல்லிச் சிரிச்சீங்க. நான் என்னா சொல்றது? சாயங்காலமே வந்துடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”



பதினொன்று நாற்பதுக்கு மழை சற்றே தணிந்தது. பிளவில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிளவுக்குப் பக்கத்துப் பாறை முகத்தில் இறங்கலாம் போலிருந்தது. நால்வரின் எடையையும் ஒருவர் பின் ஒருவராகத் தாங்கவேண்டியது திட்டிலிருந்த அந்தக் கொம்பு. திட்டில் கயிறு சுற்ற வேறு இடமே இல்லை.

‘தவறு என்னுடையது, நானே ஈடுகட்ட வேண்டும்’ என்று பொன்னுதுரை எண்ணினார். மளமளவென்று கயிற்றைப் பிரித்துக் கொம்பைச் சுற்றிப் போடவும் போட்டார். பிறகு, பழக்கத்தினால், இடுப்பிலிருந்த சுத்தியலை எடுத்துத் தட்டினார். ஒலி கேட்கவில்லை. தண்ணீரின் இரைச்சலில் சுத்தியல் பட்டதா இல்லையா என்பதே தெரியவில்லை. மண்டியிட்டு, கன்னத்து எலும்பைக் கல்லோடு அழுத்தி வைத்து மறுபடி தட்டினார். காது கேளாவிட்டாலும் எலும்பு கேட்கும். காற்றடிக்கும் நாட்களில் கம்பி வேலையாட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். காலையில் ஒரே கட்டையாக இருந்த கல், இப்போது தட்டுக்குப் பிறகு மெல்ல அதிர்ந்தது. மூடி தளர்ந்த அண்டாவைத் தட்டியது போன்ற நடுக்கம். கொம்புக்கும் பாறைக்கும் இடையே தண்ணீர் புகுந்திருந்தது.

அவர் கயிற்றைக் கழற்றினார்.

“என்னா அண்ணே?”

“கல்லு ஆடுது.”

“காலையில நீங்களே தட்டிப் பாத்து நல்லாருக்குன்னீங்க.”

“அது காலையில.”

சின்னப்பா இரண்டு கைகளாலும் கொம்பைப் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை. “எங்க ஆடுது? காட்டுங்க! இந்தப் பாத்தூ, இந்தக் கல்லு, நாலு லோரியத் தாங்கும்!”

“சின்னப்பா, உக்காரு.”

“நீங்க பயப்படுறீங்க. உங்க அப்பாவா பசியோட நிக்கிறாரு?”

அந்தச் சொல் பொன்னுதுரையின் நெஞ்சில் தைத்தது. சின்னப்பா தம் இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்த மணிலாக் கயிறு ஊதி, முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். சட்டென்று பைக்குள்ளிருந்து மடக்குக் கத்தியை எடுத்துக் கயிற்றின் மேல் வைத்தார்.

“டேய், டேய், ஒரே கயிறுடா!” என்று அலறினார் சேதுராமன்.

உண்மையும் அதுதான். கயிறு அறுந்தால் மிஞ்சும் துண்டு அறுபதடிக்கு இரட்டையாகப் போதாது. சின்னப்பா பிளவு வழியாகத் தனியே இறங்கிப் போவார், அல்லது விழுவார். மற்ற மூவரும் திட்டிலேயே கிடப்பார்கள். நடராஜன் எழப் பார்த்தார், பொன்னுதுரை கையமர்த்தினார். மூன்றடி அகலத்தில் கத்தி பிடித்தவனோடு மல்லுக்கு நின்றால் இருவரும் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

“வெட்டு, நான் தடுக்கல,” என்றார். “ஆனா அதுக்கு முன்ன கன்னத்த இங்க வை. நான் தட்டுறேன். உனக்கே எறங்கலாம்னு தோணுச்சுன்னா, நானே கயித்தப் போட்டு உன்ன மொதல்ல எறக்குறேன். உனக்குப் பின்னால நானும் எறங்குறேன்.”

சின்னப்பா நின்றார். மழைநீர் அவருடைய மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கத்தியை மடக்காமலே மண்டியிட்டு, கன்னத்தைக் கல்லில் வைத்தார். பொன்னுதுரை தட்டினார். கொஞ்சம் தள்ளி, தாய்ப்பாறையில் ஒரு தட்டு. “இப்ப இத வெச்சுப் பாரு.” மறுபடி கொம்பில். மறுபடி பாறையில்.

எத்தனை முறை என்பது யாருக்கும் நினைவில்லை. சின்னப்பா எழவில்லை. கன்னத்தைக் கல்லில் வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். கத்தியை மடக்கினார்.

“மணி என்னா?” என்று கேட்டார்.

“பன்னெண்டு அஞ்சு,” என்றார் நடராஜன்.

அதற்குப் பிறகு வந்த மழை முந்தியதைவிடப் பெரிது. இரண்டரை மணி நேரம் அவர்கள் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார்கள். சேதுராமனின் உதடுகள் நீலம் பாரித்தன. பொன்னுதுரை தம் சட்டையைக் கழற்றி அவர் மார்பில் சுற்றினார். இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே போனால் வாத்தியாரால் கயிற்றைப் பிடிக்க முடியாது என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது.

இரண்டே முக்காலுக்கு மேகம் கலைந்தது. இடப்பக்கம் பதினைந்தடி தள்ளி, பாறை வெடிப்பில் வேர்விட்ட ஒரு குட்டை மரத்தை முதலில் கண்டவர் நடராஜன். காலையிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. ஏறும்போது யாருக்கும் அது தேவைப்படவில்லை. அதற்கும் திட்டுக்கும் நடுவே பாசி படிந்த வழுக்குப் பாறை.

“நான் போறேன். நான்தான் லேசு,” என்றார் நடராஜன்.

“மரத்துல கயிறு கட்டத் தெரியுமா?” என்றார் பொன்னுதுரை. நடராஜன் ஒதுங்கி வழிவிட்டார்.

பொன்னுதுரையின் இடுப்பிலிருந்து போகும் கயிற்றை யாராவது பிடிக்க வேண்டும். சேதுராமனால் முடியாது. சின்னப்பா தாமே முன்வந்து, திட்டின் பள்ளத்தில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்து, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பத்தடி வரை சரியாகப் போயிற்று. பதினோராவது அடியில் பாசி பிய்ந்தது. பொன்னுதுரைக்கு வானமும் பாறையும் இடம் மாறின. பாறையில் விலா அடிபட்டது. கால்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. இடுப்புக் கயிறு மூச்சை இறுக்கிப் பிடித்தது. ‘சின்னப்பாவின் கத்தி’ என்ற ஒரே நினைவுதான் அந்த நொடியில் ஓடியது என்று பின்னாளில் மனைவியிடம் சொன்னார். அதற்காக வெட்கப்பட்டும் இருக்கிறார்.

“புடிச்சிருக்கேன்! அண்ணே, புடிச்சிருக்கேன்! காலு வைங்க!” என்று மேலேயிருந்து சின்னப்பாவின் குரல் வந்தது.

பொன்னுதுரை கால் வைத்தார். தவழ்ந்து மரத்தை அடைந்து, அதை உலுக்கி, வேரைத் தட்டிப் பார்த்து, கயிற்றைக் கட்டினார். மூவரையும் ஒவ்வொருவராகத் தம் பக்கம் கொண்டுவந்தார். பிறகு மரத்தைச் சுற்றி இரட்டையாகக் கயிற்றைப் போட்டு இறங்கினார்கள். கடைசி ஆள் தரையைத் தொட்டபோது மணி நாலு இருபது. சின்னப்பாவின் இரு உள்ளங்கைகளும் தோல் உரிந்து, சதை தெரிந்தது.

சின்னப்பா நிமிர்ந்து திட்டைப் பார்த்தார். கொம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

“நிக்குது,” என்றார்.

“நிக்குது,” என்றார் பொன்னுதுரை.

இறங்கியிருந்தால் அது தாங்கியிருக்குமா என்பது அன்றும் தெரியாது, பின்னரும் தெரியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பொன்னுதுரை தனியே போய்ப் பார்த்தபோதும் அது விழாமல்தான் இருந்தது. அதைச் சின்னப்பாவிடம் மறைக்காமல் சொன்னார்.

சாலைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. மரலோரியில் தங்காக், அங்கிருந்து வாடகைக் கார். மலாக்காவரை சின்னப்பா சன்னல் பக்கமே பார்த்து வந்தார். காஜா பெராங்கில் அவர் வீட்டு முன் இறங்கியபோது மணி எட்டரை தாண்டியிருந்தது. வாசலில் உறவினர்கள் சாப்பிட்டு முடித்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள். சிற்றப்பா அண்ணாமலை எழுந்து வந்தார். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாய். பொன்னுதுரைக்கு அது நன்றாகப் புரியும்.

“ஆறு மணிக்கு நானே எலையப் போட்டுட்டேன். அதுக்கு மேல வைக்க முடியாது. உன் அம்மா ஏழு வரைக்கும் சாலையப் பாத்து நின்னுச்சு.”

சின்னப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொன்னுதுரை முன்னால் வந்து, “தப்பு என்னோடது. நாளு குறிச்சவன் நான். எறங்க விடாதவனும் நான்தான்,” என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாய் பொன்னம்மா உள்ளேயிருந்து வந்து, மகனுடைய முகத்தைப் பார்க்காமல் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மகளை அழைத்தார். “பத்மினி, ஒரு எலை வெட்டிக்கிட்டு வா. கறி மிச்சமிருக்கில்ல, சூடு பண்ணு.”

“அண்ணி, என்னா செய்யிறே? ஒரே நாள்ல ரெண்டு பர்ச்சா? எந்தத் தாத்தா காலத்துல நடந்துச்சு?” என்றார் அண்ணாமலை.

“பாப்பாக் டியா டுலு மாக்கான் துவா காலி,” என்றார் பொன்னம்மா. இவனோட அப்பா உயிரோட இருந்தப்பவே ரெண்டு தரம் சாப்புடுறவருதான் என்பது அதன் பொருள். “ஆறு மணிக்குத் தின்னுட்டு ஒம்போது மணிக்கு அடுப்படிக்கு வந்து சட்டியத் தெறந்து பாப்பாரு. உனக்குத் தெரியாதா? உன் அண்ணன்தானே?”

அண்ணாமலை எதிர்வாதம் தேடினார், அகப்படவில்லை. “ஒம்போதுக்கா? பத்துக்கும் பாப்பாரு,” என்றார் கடைசியில். வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியபோது சின்னப்பாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

குளித்து, துணி சுற்றிய கைகளால் சின்னப்பா இலையைப் போட்டுச் சோறும் கறியும் பலகாரமும் வைத்தார். பெரியவர்கள் சாப்பிடுவதற்காக அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். சேதுராமனும் நடராஜனும் முன்பே போய்விட்டார்கள். பொன்னுதுரையும் ஓசையில்லாமல் நகரப் பார்த்தார்.

“எங்க போறே துரை?” என்றார் பொன்னம்மா. “உள்ள சாப்புட்டு முடிக்கட்டும். நில்லு.”

அவர் நின்றார். அருகில் நின்ற சின்னப்பா, “அண்ணே, விலா எப்புடி இருக்கு?” என்று கேட்டார். திட்டில் நடந்த வாய்ப்பேச்சுக்குப் பிறகு அவர் பொன்னுதுரையிடம் தாமாகக் கேட்ட முதல் கேள்வி அது.

நால்வரும் 1971 வரை சேர்ந்து மலையேறினார்கள். ஜனவரியில் மட்டும் ஏறவில்லை. நாள் குறிப்பதற்கு முன் பொன்னுதுரை பத்மினியிடம் அவர்களுடைய விசேஷ நாட்களைக் கேட்டு வருவார். சின்னப்பா 1986இல் காலமானார். அவருக்கு மகன் இல்லை. அவருடைய இலையைப் பத்மினியின் மகன் போட்டு வந்தான். ஆண்டுதோறும் போகி மாலை ஆறு மணிக்குப் பொன்னுதுரை அந்த வீட்டுக்குப் போவார். கதவு சாத்தியதும் குடும்பத்தாரோடு வெளியே வந்து நிற்பார். கடைசியாக அப்படி அவர் நின்றது 1993 ஜனவரி 13, புதன்கிழமை.